முதிய சீனக் குடியேறிகளின் உணவுப் பழக்கம்: பராமரிப்பு இல்லத்தில் தட்டு தொடப்படாமல் திரும்பி வருகிறது

கேள்வி: ஸ்காபரோ பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் டொரொன்டோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் உள்ள ஒரு நெடுங்காலப் பராமரிப்பு இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராக வேலை செய்கிறேன். எங்கள் மாடியில் வசிப்பவர்களில் கணிசமானோர் சீன முதியவர்கள். அவர்களிற் பெரும்பாலானோர் ஹொங்கொங் சீனாவிடம் கைமாறிய 1997க்கு முந்தைய ஆண்டுகளில் அங்கிருந்து பிள்ளைகளோடு வந்தவர்கள். சிலர் குவாங்டொங் மாகாணத்தின் தைஷான் பகுதியில் பிறந்து, இங்கே உணவகங்களிலும் சலவைக் கடைகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். அண்மையில் வந்து சேர்ந்த சிலருக்கு மண்டரின் தவிர வேறு மொழி தெரியாது. எங்கள் இல்லம் சீன முதியோருக்கென்றே தொடங்கப்பட்ட இல்லம் அல்ல. அத்தகைய இல்லங்களில் இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருப்பதால் இவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள்.

காலையில் குளிர்ந்த பாலோடு தானியம், வாட்டிய பாண், தோடம்பழச் சாறு. மதியம் சான்ட்விச்சும் பச்சை மரக்கறிக் கலவையும். இரவில் மசித்த உருளைக்கிழங்கும் வாட்டிய வான்கோழியும். இதுவே பொதுவான ஒழுங்கு. இடையிடையே "சீன உணவு" என்ற பெயரில் இனிப்பும் புளிப்புமான சிவப்புக் குழம்பில் தோய்ந்த இறைச்சி வரும். அதை அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் விரும்பி உண்கிறார்கள். மேசையில் வைக்கும் பனிக்கட்டி நீரை அவர்கள் தொடுவதே இல்லை.

எண்பத்தேழு வயதான ஒரு பாட்டியை உதாரணத்துக்குச் சொல்கிறேன். கோப்பையை இரு உள்ளங்கைகளாலும் பொத்திப் பார்ப்பார். குளிராக இருந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் திருப்பி வைத்துவிடுவார். சோறு வரும் நாளில் அதைத் தன் கிண்ணத்துக்கு மாற்றி, வெந்நீர்க் குடுவையிலிருந்து நீர் ஊற்றி நெகிழ விட்டு, அலுமாரி இழுப்பறையில் ஒளித்து வைத்திருக்கும் போத்தலைத் திறந்து, புளிக்கவைத்த சோயாக் கட்டியைக் கரண்டி நுனியால் கிள்ளியெடுத்து அதனோடு உண்பார். அந்த ஒரு வேளை மட்டும் கிண்ணம் காலியாகும். அவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதால் அந்தப் போத்தலை எடுத்துவிட வேண்டும் என்று தாதி சொல்கிறார். அவருடைய எடையோ மாதா மாதம் இறங்கிக்கொண்டே வருகிறது.

ஞாயிறு தோறும் மகள் ஒரு வெப்பக் குடுவை நிறைய சூப் கொண்டு வருகிறார். அதில் வேர்களும் பட்டைகளும் சிவப்புப் பேரீச்சை போன்ற பழங்களும் மிதக்கின்றன. என்ன போட்டீர்கள் என்று தாதி கேட்ட விதம் சரியாக இல்லாததால் அந்த மகள் மனம் நொந்து போனார்.

இந்த உணவுப் பழக்கத்தின் அடிப்படை என்ன, எங்கள் சமையலறையால் செய்யக்கூடிய மாற்றங்கள் எவை, குடும்பத்தாரோடு எப்படிப் பேசுவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். "அவர்களுக்குப் பிடிவாதம்" என்ற பதிலை வேலையிடத்தில் போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

பதில்: மேற்குக்கரை உணவியலாளர்

நான் சென்னையில் படித்து, ஒன்டாரியோவில் சில ஆண்டுகள் பணியாற்றி, இப்போது வான்கூவரை அடுத்த ரிச்மண்டில் உணவியலாளராக இருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் பிடிவாதம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அந்தப் பாட்டி ஒழுங்கான ஓர் உணவு முறையைப் பின்பற்றுகிறார். உங்கள் சமையலறை வேறொரு முறையைப் பின்பற்றுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தைச் சமையலறைதான் தேடிப் போக வேண்டும், எண்பத்தேழு வயதானவர் அல்லர்.

முதலில் வெப்பம். சீன மருத்துவ மரபில் ஒவ்வொரு உணவுக்கும் சூடு, குளிர்ச்சி என்ற குணம் உண்டு. நம் வீடுகளில் நண்டு சூடு, வெள்ளரிக்காய் குளிர்ச்சி என்று சொல்வதற்கு இணையான கணக்கு அது என்பதால் தமிழர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. அதற்கும் மேலாக, குளிர்ந்த நீரும் சமைக்காத இலைகளும் முதியவரின் வயிற்றைப் பலவீனப்படுத்தும் என்ற நம்பிக்கை ஆழமானது. எனவே பனிக்கட்டி நீர் வைத்தால் அவர்கள் தாகத்தோடு இருப்பார்களே தவிர அதைக் குடிக்க மாட்டார்கள். முதியோர் இல்லங்களில் நீரிழப்பு எவ்வளவு எளிதில் சிறுநீர்த் தொற்று, மனக்குழப்பம், மலச்சிக்கல் என்று வளர்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வேளையும் மேசையில் ஒரு குடுவை வெதுவெதுப்பான நீரோ இளந்தேநீரோ வையுங்கள். செலவில்லாத மாற்றம் இது. கைநடுக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் சூட்டின் அளவைக் கவனித்துக் கொடுங்கள்.

அடுத்தது கஞ்சி. குவாங்டொங், ஹாங்காங் பகுதிகளைச் சேர்ந்த கான்டனீயர்கள் ஜுக் என்று அழைக்கும் அரிசிக் கஞ்சியில் ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு நீர் வரை சேரும். ஆகவே 250 மில்லிலிட்டர் கிண்ணத்தில் இருப்பது இருபது கிராமுக்குச் சற்று மேற்பட்ட அரிசிதான்; ஆற்றல் எண்பது கலோரி அளவு, புரதம் 2 கிராமுக்கும் குறைவு. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் முதியோருக்கு வேண்டும் என்ற பரிந்துரைப்படி, 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 50 முதல் 60 கிராம் தேவை. வெறுங்கஞ்சியால் அது நடக்காது. ஆனால் கஞ்சியை நிறுத்திவிட்டுப் பாலும் தானியமும் கொடுத்தால் உள்ளே போவது பூச்சியம். கஞ்சியைக் கஞ்சியாகவே வைத்துக்கொண்டு கனமாக்குவதே வழி. ஃபூ ஜுக் என்ற உலர்ந்த சோயாப்பால் ஆடையைக் கஞ்சி கொதிக்கும்போதே நொறுக்கிப் போட்டால் அது பெரும்பாலும் கரைந்து கஞ்சியை வெண்மையாகவும் வழவழப்பாகவும் ஆக்கிவிடும். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். ஹாங்காங் வீடுகளில் காலங்காலமாகச் செய்யும் முறையே இது என்பதால் எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு கிண்ணத்துக்குப் பத்துக் கிராம் ஃபூ ஜுக்கும், நன்கு வெந்துவிடும்படி கலக்கிய ஒரு முட்டையும் சேர்ந்தால் புரதம் 12 கிராமை எட்டும். மீன் துண்டோ கொத்திய பன்றி இறைச்சியோ சேர்த்தால் இன்னும் நல்லது.

சூப் பற்றி. மெல்லிய தீயில் இரண்டு, மூன்று மணி நேரம் எலும்பும் இறைச்சியும் கொதிக்கும் அந்தச் சூப்பில் சத்து முழுவதும் நீரில் இறங்கிவிட்டது, எஞ்சியிருப்பது சக்கை என்பது மூத்த தலைமுறையின் எண்ணம். உண்மை ஏறக்குறைய தலைகீழானது. புரதத்தின் பெரும்பகுதி அந்த இறைச்சியிலேயே தங்கிவிடுகிறது. நீரில் இறங்குபவை பொட்டாசியம், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின், கொழுப்பு, போட்ட உப்பு ஆகியவை. மகளிடம் "சூப் கொண்டு வராதீர்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, அந்த இறைச்சியைக் கொஞ்சம் நார் நாராகப் பிய்த்துக் குடுவையிலேயே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலான மகள்கள் இதை மகிழ்ச்சியோடு செய்வார்கள், ஏனென்றால் அம்மா சக்கையை உண்ண மறுக்கிறார் என்ற கவலை அவர்களுக்கும் இருக்கிறது.

பாலைப் பொறுத்தவரை, கிழக்காசிய முதியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிப்பதில்லை. வயிறு உப்புசமாகும் என்று அவர்கள் சொல்வது சாக்குப்போக்கு அன்று. கால்சியத்துக்கு ஜிப்சம் கொண்டு உறையவைத்த டோஃபு என்ற சோயாப்பால் கட்டியும், போக் சோய், கை லான் போன்ற கீரைகளும் நல்ல மூலங்கள். பசலைக்கீரையைப் போல ஆக்சலேட் மிகுதியால் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தொல்லை இவற்றில் இல்லை.

இனி அந்தச் சோயாக் கட்டி. உப்பு அதிகம்தான், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே 900 மில்லிகிராம் அளவு சோடியம் இருக்கிறது, நாளொன்றுக்கு 2300ஐத் தாண்டக் கூடாது என்பது கனடிய வழிகாட்டுதல். இருந்தாலும், எடை இறங்கிக்கொண்டிருக்கும் எண்பத்தேழு வயதினரிடமிருந்து சோற்றை உள்ளே தள்ளும் ஒரே பொருளைப் பறிப்பது என் பார்வையில் தவறான முன்னுரிமை. கரண்டி நுனியளவு கட்டியால் வரும் கேடு, ஒரு வேளை உணவை முழுமையாக இழப்பதால் வரும் கேட்டைவிடச் சிறியது. இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றலாம். இழந்த தசையை அந்த வயதில் மீட்பது மிகக் கடினம். போத்தலை ஒளித்து வைக்கும் நிலைக்கு அவரைத் தள்ளாமல் மேசையிலேயே வைத்து அளந்து கொடுங்கள்.

உங்கள் கையில் சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் உள்ள ஒன்டாரியோ நெடுங்காலப் பராமரிப்புச் சட்டத்தின் ஒழுங்குவிதிகள், ஒரு மாதத்தில் 5 விழுக்காடு, மூன்று மாதத்தில் 7.5 விழுக்காடு, ஆறு மாதத்தில் 10 விழுக்காடு எடை மாறினால் மதிப்பீடு செய்து நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்கின்றன. உணவுப் பட்டியல் குறைந்தது 21 நாள் சுழற்சியாக இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தச் சுழற்சியில் தினமும் காலைக் கஞ்சி ஒரு தெரிவாக இருப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. எடைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் இல்லத்தின் உணவியலாளரைப் பாருங்கள்.

பதில்: மருந்தாளர்

மேலே எழுதியிருக்கும் சகோதரியின் கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் சூப் விஷயத்தில் அவர் இறைச்சியை மட்டும் பார்த்துவிட்டு வேர்களைக் கடந்து போய்விட்டார். மருந்தகத்தில் நிற்பவனுக்கு அந்த வேர்கள்தான் முதலில் கண்ணில் படும்.

அந்தக் குடுவையில் மிதப்பவற்றில் பல தீங்கற்றவை. சிவப்பு நிற உலர் இலந்தைப் பழம், தாமரை விதை, உலர் கிழங்குத் துண்டுகள் ஆகியவற்றைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். நீரிழிவுக்காரர்கள் பழத்தின் இனிப்பைக் கணக்கில் கொண்டால் போதும். கவலை தருவது டோங் குவாய் என்ற வேர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு அது இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும். ஜின்செங்கோ எதிர்த் திசையில் இழுத்து வார்ஃபரினின் வேலையைக் குறைக்கக்கூடும். கோஜிப் பழத்தாலும் வார்ஃபரின் அளவு தடுமாறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதிமதுரம் பல மூலிகைப் பொதிகளில் கலந்திருக்கும். தொடர்ந்து உண்டால் அது பொட்டாசியத்தை இறக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும். சோயாக் கட்டியைப் பறிக்க நினைக்கும் தாதி, அழுத்தம் ஏறுவதற்கு அதிமதுரம் காரணமா என்பதையும் ஒருமுறை பார்க்கட்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு நீண்ட நேரம் கொதித்த சூப்பே பொட்டாசியச் சுமைதான். யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதம் உள்ளவர்களுக்குப் பியூரின் சுமை.

பழங்களிலும் இரண்டைச் சொல்ல வேண்டும். சீனப் புத்தாண்டுக்கும் இலையுதிர் கால நிலவுத் திருவிழாவுக்கும் வீடுதோறும் வாங்கும் பம்ப்ளிமாஸ், கிரேப்ஃபுரூட்டின் நெருங்கிய உறவு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மாத்திரைகளையும் ஃபெலோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளையும் உடலில் தேக்கிவிடும் பொருள்கள் அதிலும் உண்டு. நட்சத்திரப் பழமோ சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நேரடி நஞ்சு; ஓயாத விக்கலில் தொடங்கி வலிப்பு, உயிரிழப்பு வரை போகும். குருதி சுத்திகரிப்பில் இருப்பவரின் அறையில் அதைக் கண்டால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். நான் "பறித்துவிடுங்கள்" என்று சொல்லும் ஒரே பொருள் அதுதான்.

மற்றவற்றுக்கு விசாரிப்பே போதுமானது. "என்ன போட்டீர்கள்" என்று கேட்டால் எவருக்கும் குற்றம் சாட்டுவது போலத்தான் இருக்கும். "அம்மா விரும்பிக் குடிக்கிறார், மருந்து நேரத்தோடு பொருத்திக் கொடுக்க விரும்புகிறோம், கடையில் வாங்கிய பொதியைக் கொண்டு வருவீர்களா" என்று கேளுங்கள். மூலிகைக் கடைப் பொதியில் சீன எழுத்தில் பெயர்கள் இருக்கும். அதைப் படமெடுத்து இல்லத்தின் மருந்தாளருக்கு அனுப்பலாம். குடும்பமே பெயர்களை எழுதிக் கொடுத்தாலும் சரி, ஆனால் அவை கோப்பில் ஏற வேண்டும். வாய்மொழியாகத் தெரிந்துகொண்ட மூலிகை அடுத்த பணிமுறைக்கு வரும் தாதிக்குத் தெரியாது.

கீரை குறித்தும் ஒன்று. கை லானிலும் போக் சோயிலும் வைட்டமின் கே உண்டு. வார்ஃபரின் நோயாளிக்குக் கீரையை நிறுத்துவது பழைய பழக்கம். ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ ஒரே அளவு உண்ணச் சொல்வதே சரியானது. இல்லத்தில் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, மகன் வந்து அழைத்துப் போகும் வார இறுதியில் மட்டும் தட்டு நிறையக் கீரை உண்டால் குருதி உறைதல் அளவு ஆட்டம் காணும்.

பதில்: சான்பிரான்சிஸ்கோ வாசி

இங்கே எல்லோரும் நம்பிக்கை, மரபு என்று எழுதுகிறீர்கள். முதிய சீனக் குடியேறிகள் உப்பிட்டதையும் உலர்த்தியதையும் உண்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு எந்தத் தத்துவமும் தேவையில்லை.

நான் சான்பிரான்சிஸ்கோ சைனாடவுனில் முதியோருக்கு உணவு எடுத்துச் செல்லும் தன்னார்வப் பணியில் இருக்கிறேன். அங்கே பல முதியவர்கள் ஒற்றை அறை விடுதிகளில் வாழ்கிறார்கள். அறை எண்பது, நூறு சதுர அடிதான் இருக்கும். மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை; மாலையில் அடுப்புக்கு வரிசை. பலரது அறையில் குளிர்பதனப் பெட்டி கிடையாது, இருந்தாலும் மேசைக்கடியில் நுழையும் அளவுதான். அந்த நிலையில் ஒருவர் ஜன்னல் கம்பியில் லாப் சோங் என்ற உலர்ந்த தொத்திறைச்சியைத் தொங்கவிட்டு, உப்புக்கடுகுக் கீரையைப் பாட்டிலில் வைத்து, மின்சாரச் சோற்றுப் பானையில் சோறு வேகும்போதே அதன் மேல் ஒரு தட்டில் உப்பு மீனை வைத்து ஆவியில் வேகவைத்து முடித்துக்கொள்கிறார் என்றால், அது கெடாத உணவு, ஒரே மின்சாரப் பானை, ஒரே வேலை என்ற கணக்கு. சீன முறை உப்பு மீனை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடு அதன் தொடர்பு, குறிப்பாகச் சிறு வயதிலிருந்தே உண்டவர்களிடம், உறுதியானது. அதை எடுத்துச் சொல்வது எளிது. அடுப்பும் குளிர்பதனமும் இல்லாதவருக்கு மாற்று என்ன என்று சொல்வதுதான் கடினம்.

மாற்று இருந்த இடங்களில் பழக்கம் தானாகவே நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சைனாடவுனில் 1966இல் தொடங்கிய செல்ஃப் ஹெல்ப் ஃபார் தி எல்டர்லி, 1971இல் தொடங்கிய ஆன் லோக் ஆகிய அமைப்புகள் முதியோருக்குச் சூடான சீன உணவை வழங்கிவருகின்றன. பின்னாளில் நாடு முழுவதும் பரவிய முதியோர் முழுப் பராமரிப்புத் திட்டத்துக்கு ஆன் லோக்தான் முன்மாதிரி. அமெரிக்க முதியோர் சட்டத்தின் கீழ் 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஒன்றுகூடி உண்ண வழங்கும் உணவில், அன்றாடத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு ஊட்டமாவது இருக்க வேண்டும். உண்பவர் விரும்பிய தொகையை நன்கொடையாகக் கொடுக்கலாம், கொடுக்க முடியாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. சோறு, ஆவியில் வெந்த மீன், வதக்கிய கீரை, சூடான சூப் என்று வைத்தால் தட்டு காலியாகிறது. எதிரில் அதே ஊர்ப்பேச்சு பேசும் ஒருவர் அமர்ந்திருந்தால் இன்னும் விரைவாகக் காலியாகிறது. தனியாக உண்பவர்கள் காலையில் சமைத்ததையே இரவிலும் சுடவைத்து உண்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் மத்திய அரசின் முதியோர், மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெற்றவர்கள் உணவு உதவிக்குத் தகுதியற்றவர்களாகவே நெடுங்காலம் இருந்தார்கள். 2019 ஜூன் 1 அன்றுதான் அந்தத் தடை நீங்கியது. அதன் பிறகும், அரசு உதவி வாங்கினால் பிள்ளைகளின் குடியேற்ற மனுவுக்கு இடையூறு வரும் என்ற அச்சத்தால் விண்ணப்பிக்காதவர்களை நான் அறிவேன். 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்திலிருந்து அது நீக்கப்பட்ட 1943 வரை இந்த நாடு அவர்களின் முன்னோரை எப்படி நடத்தியது என்பதை நினைத்தால், அரசின் படிவத்தைக் கண்டு தயங்குவதில் வியப்பில்லை. ஸ்காபரோ நிலைமை வேறாக இருக்கலாம். ஆனால் உங்கள் இல்லத்துக்கு வருவதற்கு முன் அந்தத் தைஷான் முதியவர்கள் எங்கே, எத்தகைய அறையில், என்ன அடுப்பில் சமைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தட்டை ஏன் திருப்புகிறார்கள் என்பதில் பாதிக்கு விடை கிடைக்கும்.

பதில்: மார்க்கம் மருமகள்

என் கணவர் சீனர். மாமியார் வட சீனத்தின் ஷாண்டொங் மாகாணத்திலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து, பிறகு எங்களோடே தங்கிவிட்டவர். மேலே உள்ள பதில்கள் எல்லாம் தென் சீனத்தைப் பற்றியவையாக இருப்பதால் இதை எழுதுகிறேன். உங்கள் மாடியில் மண்டரின் பேசும் முதியவர்கள் வட பகுதியினராக இருந்தால், அவர்களுக்கு அரிசிக் கஞ்சி நோயாளி உணவாகவே தோன்றக்கூடும். என் மாமியாருக்கு ஆவியில் வேகவைத்த கோதுமை ரொட்டியான மான்டோ, கைகளால் உருட்டிய நூடுல்ஸ், தினைக் கஞ்சி, பச்சை வெங்காயத்தாள், வினிகரோடு உண்ணும் ஜியாவோசி என்ற பூரணம் வைத்த கொழுக்கட்டை ஆகியவைதான் உணவு. ஜியாவோசி உண்ணும்போது பச்சைப் பூண்டைக் கடித்துக்கொள்வார். சமைக்காத எதையும் சீன முதியவர்கள் தொட மாட்டார்கள் என்ற பொது விதி எங்கள் வீட்டு மேசையில் அன்றாடம் உடைகிறது. ஒரே தெரிவை எல்லாச் சீனர்களுக்கும் வைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று உங்கள் சமையலறை நினைத்துவிடக் கூடாது. பௌத்த வழக்கத்தில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி மட்டும் உண்பவர்களும் இருப்பார்கள். அந்த நாட்களில் இறைச்சித் தட்டு திரும்பி வந்தால், பசியின்மை என்று கோப்பில் எழுதுவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

இன்னொரு விடயம், வீணாக்காமை. என் மாமியாரின் தலைமுறை சீனாவில் 1959 முதல் 1961 வரையிலான பெரும்பஞ்சத்தைச் சிறுவயதில் கடந்தது. 1955இல் வந்த தானியச் சீட்டு முறை 1993 வரை நீடித்தது. பணம் கையில் இருந்தாலும் சீட்டு இல்லாமல் மாவு வாங்க முடியாது. இதையெல்லாம் அவர் கதையாகச் சொல்வதில்லை. ஆனால் பேரன் மீதம் வைத்த சோற்றை நின்றுகொண்டே உண்டு முடிப்பார். மூன்றாம் முறை சுடவைத்த குழம்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, புதிதாகச் சமைத்ததை எங்கள் பக்கம் தள்ளுவார். மீனில் தலையும் முள்ளும் அவருக்கு, நடுத்துண்டு பிள்ளைகளுக்கு. ஒரு குடும்ப மேசையில் எல்லோரும் பொதுக் கிண்ணங்களிலிருந்து எடுத்து உண்பதால், பெரியவர் எவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்கிறார் என்பது எவர் கண்ணிலும் படாது. மருத்துவர் "அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாரா" என்று கேட்டபோது என் கணவர் ஆம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. அதன் பிறகு அவருடைய பங்கை அடுப்படியிலேயே ஒரு கிண்ணத்தில் தனியாகப் போட்டு, பேரன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பேரன் கொடுத்தால் மறுக்க மாட்டார்.

இல்லத்தில் இருப்பவர்களிடமும் இந்தக் குணம் வேறு வடிவில் வரும். இழுப்பறையில் பாண் துண்டுகள், கைத்துடைப்புத் தாளில் சுற்றிய பிஸ்கட், மூடி போட்ட கிண்ணத்தில் நேற்றைய சோறு. சுகாதாரக் காரணத்துக்காக எடுக்க வேண்டியிருந்தாலும் அவர் கண்முன்னே குப்பையில் போடாதீர்கள். தட்டில் குறைவாக வைத்து, மீண்டும் கேட்டு வைத்தால் ஒளித்து வைப்பதற்கு மீதியே இருக்காது.

சோற்றின் நடுவே கரண்டியையோ உண்ணும் குச்சியையோ செங்குத்தாகக் குத்தி வைத்துத் தட்டை நீட்டவும் வேண்டாம். இறந்தோருக்குப் படைக்கும் முறை அது.

கேள்வி கேட்டவரின் பதில்: ஸ்காபரோ பணியாளர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. எடைப் பதிவேட்டோடு எங்கள் உணவியலாளரைச் சந்தித்தேன். பாட்டியின் எடை ஒழுங்குவிதி சொல்லும் எல்லையை முன்பே தாண்டிவிட்டதால் மதிப்பீடு தொடங்கிவிட்டது. வெந்நீர்க் குடுவைக்குச் சமையலறை உடனே இணங்கியது. ஃபூ ஜுக் என்றதும் சமையலறைப் பொறுப்பாளர் தயங்கினார். வழக்கமான விநியோகஸ்தரின் பட்டியலில் அது இல்லை, வெளியில் வாங்க அனுமதி வேண்டும் என்றார். அது வரும்வரை முட்டையும் மென்மையான டோஃபுவும் சேர்த்துக் காலைக் கஞ்சி தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சோயாக் கட்டிப் போத்தல் இப்போது பெயரொட்டி ஒட்டப்பட்டு மாடியின் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. தாதிக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் வைத்தியர் கையொப்பமிட்டிருக்கிறார்.

மருந்தாளர் அண்ணா சொன்னபடியே மகளிடம் பொதியைக் கேட்டேன். பாட்டி வார்ஃபரின் எடுப்பதில்லை, ஆனாலும் பொதியில் அதிமதுரம் இருந்தது. அதை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று மகளே சொன்னார்.

இன்னொரு ஐயம். அதே மாடியில் பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ள ஒரு தைஷான் தாத்தா இருக்கிறார். மசித்த உணவும் கெட்டியாக்கிய பானமும் மட்டுமே அவருக்கு அனுமதி. மசித்த வான்கோழியை வாயில் வைத்தால் துப்பிவிடுகிறார். கஞ்சி மிருதுவானதுதானே, அவருக்கும் கொடுக்கலாம் என்கிறார் அவருடைய மகன். சரியா?

பதில்: மேற்குக்கரை உணவியலாளர்

இப்போதைய நிலையில் கொடுக்கக் கூடாது. சாதாரணக் கஞ்சியில் நீர் தனியாகவும் பருக்கை தனியாகவும் இருக்கும். வாயில் வைத்ததும் நீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடும், பருக்கை நாக்கில் நிற்கும். விழுங்கும் சிரமம் உள்ளவருக்கு இந்த இரட்டைத் தன்மைதான் மிகவும் ஆபத்தானது. நீர் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் அழற்சியில் முடியலாம். பார்க்க மென்மையாக இருப்பதால் குடும்பத்தினர் நம்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் மகனிடம் இந்தக் காரணத்தை இப்படியே விளக்குங்கள்.

கஞ்சியைக் கைவிடவும் வேண்டாம். நீரைக் குறைத்துக் குழைய வேகவைத்து, ஃபூ ஜுக்கோ மீனோ சேர்த்து, பருக்கை ஒன்றுகூட இல்லாதபடி அரைத்தெடுத்தால், கரண்டியைச் சாய்க்கும்போது கட்டியாக வழுக்கி விழும் பதம் வரும். உலகளாவிய விழுங்கல் உணவுத் தரவரிசையில் அது நான்காம் நிலை. ஆற ஆற நீர் பிரிந்து மேலே நிற்கிறதா என்று பரிமாறும் முன் பார்க்க வேண்டும். எச்சிலிலுள்ள நொதி மாவுப்பொருளை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால், அவர் வாயில் பட்ட கரண்டியை மீண்டும் கிண்ணத்தில் விட்டுக் கலக்கி வைக்கவும் கூடாது, சிறு சிறு அளவாக வேறு கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். முட்டையை வெந்நீரோடு கலந்து வடிகட்டி மெல்லிய ஆவியில் வேகவைக்கும் கான்டனீய முட்டைக் களியும் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று. சரியாக வந்தால் பட்டுப் போல இருக்கும், தைஷான்காரருக்குப் புதியதும் அன்று. ஆனால் மேலே நீர் கசிந்தால் அதுவும் ஆகாது.

இவற்றில் எதையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் ஒருமுறை மறுமதிப்பீடு செய்து, எந்தப் பதம், எவ்வளவு, எந்த நிலையில் அமர்த்தி என்று கோப்பில் எழுதிய பிறகே முதல் கரண்டி. மதிப்பீட்டு நாளில் மகனையும் வரச் சொல்லுங்கள்; வீட்டில் சமைத்த கஞ்சியையே கொண்டுவந்து சிகிச்சையாளர் முன்னிலையில் அரைத்துப் பார்த்தால் பதம் அவருக்கும் பிடிபடும்.